கோரஸ், ஃபேஸர், ஃப்ளேஞ்சர், ட்ரெமலோ: நாபைத் திருப்பும்போது உள்ளே என்ன நடக்கிறது

கிட்டார் ஒலியை ஆட்டும் பெடல்களில் ரேட் என்பது ஆட்டத்தின் வேகம், டெப்த் என்பது ஆட்டத்தின் அளவு. ரேட்டைக் கூட்டினால் டெப்த்தைக் குறைக்க வேண்டும். டெப்த்தைக் கூட்டினால் ரேட்டைக் குறைக்க வேண்டும். கோரஸுக்கும் வைப்ரேட்டோவுக்கும் இதுதான் முதல் பாடம். புதுப் பெடலை வாங்கி வந்து, இரண்டு நாபையும் நடுவில் வைத்து ஒரு கார்டு அடித்துப் பார்த்துவிட்டு, "என்ன இது, சுருதி விலகின மாதிரி இருக்கே" என்று பெட்டிக்குள் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். பெடலில் பழுது எதுவும் இல்லை. அந்த இரண்டு நாபும் ஒன்றை ஒன்று பெருக்குகின்றன, அவ்வளவுதான்.

கணக்காகவே பார்த்துவிடலாம். கோரஸ் பெடல் உங்கள் சிக்னலைப் பிரதியெடுத்து, சில மில்லி விநாடி தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் ஆட்டுகிறது. தாமதம் நீளும்போது பிரதியின் சுருதி இறங்கும், சுருங்கும்போது ஏறும். ரயில் ஹாரன் நம்மை நோக்கி வரும்போது ஏறி, கடந்து போகும்போது இறங்குகிறதே, அதே காரணம். தாமதம் நடுவிலிருந்து இருபுறமும் 1 மில்லி விநாடி ஆடுகிறது, விநாடிக்கு ஒரு தடவை ஆடுகிறது என்று வையுங்கள். சுருதி அதிகபட்சம் சுமார் 11 சென்ட் விலகும். அரை ஸ்வரம் என்பது 100 சென்ட். 11 சென்ட் காதுக்கு இதம். இப்போது டெப்த்தைத் தொடாமல் ரேட்டை மட்டும் 5 ஹெர்ட்ஸுக்கு ஏற்றுங்கள். விலகல் 53 சென்ட்டைத் தாண்டிவிடும். கால் ஸ்வரத்துக்கும் மேல்! ரேட் ஐந்து மடங்கானால் விலகலும் ஐந்து மடங்கு. அதனால்தான் டெப்த் நாபைத் தொடாமலேயே கார்டு புளித்துப்போகிறது.

இந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால், எந்தக் கம்பெனி பெடலானாலும் நாப் எங்கே நிற்க வேண்டும் என்று கை தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

கோரஸ்

கோயிலில் இரண்டு நாதஸ்வரம் சேர்ந்து ஊதும்போது வரும் கனம் ஒற்றை நாதஸ்வரத்தில் வராது. இரண்டு பேரும் ஒரே ஸ்வரத்தைத்தான் பிடிக்கிறார்கள். ஆனாலும் ஒருவர் மூச்சு மயிரிழை முந்தும், இன்னொருவர் சுருதி மயிரிழை ஏறும். அந்த மயிரிழை வேறுபாடுதான் கோரஸ். ஒற்றைக் கிட்டாரிலிருந்து இதைச் செயற்கையாக எடுக்கும் வேலையை ரோலண்ட் 1975-ல் ஜேசி-120 ஆம்ப்ளிஃபையரில் செய்தது. அதில் 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. ஒன்றில் சாதாரண ஒலி வரும், மற்றதில் ஆடும் பிரதி வரும். இரண்டும் அறையின் காற்றில்தான் கலக்கின்றன. அந்தச் சுற்றையே தனியாக எடுத்து 1976-ல் தங்கள் பாஸ் (Boss) பிராண்டில் சிஇ-1 என்ற பெடலாக வெளியிட்டார்கள். 1979-ல் வந்த சிஇ-2 அதையே கையடக்கப் பெட்டிக்குள் கொண்டுவந்தது. இன்றும் பெரும்பாலான கோரஸ் பெடல்கள் ஏதோ ஒரு விதத்தில் இந்த இரண்டின் வாரிசுகள்தான்.

சிஇ-2-இன் இதயம் எம்என்3007 என்ற சிப். பக்கெட் பிரிகேட் வகை. கிணற்றடியிலிருந்து வீடு வரை ஆட்கள் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுகிற மாதிரி, 1024 கட்டங்கள் மின்னூட்டத்தைக் கைமாற்றிக் கொண்டுபோகும். கைமாற்றும் வேகத்தைத் தீர்மானிப்பது கிளாக். கட்டங்களின் எண்ணிக்கையைக் கிளாக்கின் இருமடங்கால் வகுத்தால் தாமதம் கிடைக்கும். 100 கிலோஹெர்ட்ஸ் கிளாக்கில் 1024 கட்டம் என்றால் 5.12 மில்லி விநாடி. எல்எஃப்ஓ என்கிற மெதுவான அலை இந்தக் கிளாக்கைத்தான் வேகமாக்கி மெதுவாக்குகிறது. ரேட் நாப் எல்எஃப்ஓவின் வேகம். டெப்த் நாப் அது கிளாக்கை எவ்வளவு இழுக்கிறது என்பது.

பெடலை அமைக்கும் முறை இது. முதலில் கிட்டாரை நன்றாக ட்யூன் செய்யுங்கள். ட்யூனர் எப்போதும் கோரஸுக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் முள் நிலைகொள்ளாமல் அலையும். ஆம்பை கிளீனில், அதாவது கரகரப்பு இல்லாமல், வையுங்கள். ரேட்டை முழுக்கக் குறைத்து, டெப்த்தை முழுக்கக் கூட்டி, ஒரு ஓபன் ஈ கார்டு அடித்து நிற்க விடுங்கள். ஒலி மெதுவாகப் புரள்வது கேட்கும். இப்போது ரேட்டை மெல்ல ஏற்றுங்கள். புரளல் ஒரு சுற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு விநாடி ஆகும் இடத்தில் நிறுத்துங்கள்; அதாவது 0.5 முதல் 1 ஹெர்ட்ஸ். அடுத்து டெப்த்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். "ஆடுகிறது" என்ற எண்ணம் மறைந்து "அகலமாக இருக்கிறது" என்ற எண்ணம் மட்டும் மிஞ்சும் ஒரு புள்ளி வரும். நாபைக் கடிகார முள்ளாக நினைத்தால், பல பெடல்களில் அது ஒன்பது, பத்து மணி நிலையில் இருக்கும். அங்கே விட்டுவிட்டு, ஈ-பி பவர் கார்டு ஒன்றை நீளமாகப் பிடித்துப் பாருங்கள். ஐந்தாம் ஸ்வரம் சிறு விலகலையும் காட்டிக்கொடுத்துவிடும். அது புளித்தால் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

ஆர்ப்பெஜியோவுக்கு டெப்த் சற்றுக் கூடுதலாகவே தாங்கும், ஏனென்றால் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஆறு கம்பியையும் சேர்த்து அடிக்கும் ஸ்ட்ரம்மிங்குக்குக் குறைவாக வேண்டும். மிக்ஸ் அல்லது எஃபெக்ட் லெவல் நாப் உள்ள பெடலில் டெப்த்தைக் கூடுதலாக வைத்து மிக்ஸைக் குறைப்பது இன்னொரு வழி. அதன் சாயல் வேறு: விலகல் பெரிது, ஆனால் தூரத்தில் கேட்கும். கம்பி கனமான கீழ்ஸ்தாயியில் கோரஸ் சேறாகும். கீழ் அதிர்வெண்களைக் குறைக்கும் லோ கட் இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

வைப்ரேட்டோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோரஸிலிருந்து நேரடி ஒலியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வைப்ரேட்டோ. ஒப்பிட்டுப் பார்க்க நேரடி ஒலி இல்லாததால் காது விலகலை மன்னிக்காது. 5 அல்லது 6 ஹெர்ட்ஸில் வைத்தால் டெப்த் நாப் கிட்டத்தட்ட அடியில் இருக்க வேண்டும்.

ஃபேஸரும் அதன் உள்ளே இருக்கும் சின்னத் திருகும்

ஃபேஸரில் தாமதச் சிப் கிடையாது. ஆல்-பாஸ் ஃபில்டர்கள் வரிசையாக இருக்கும்; ஒவ்வொன்றும் ஒரு ஸ்டேஜ். இவை எந்த அதிர்வெண்ணையும் சத்தத்தில் குறைக்காது, அதன் ஃபேஸை, அதாவது அலை எந்த இடத்தில் நிற்கிறது என்பதை, மட்டும் திருப்பும். திருப்பிய ஒலியை நேரடி ஒலியோடு சேர்க்கும்போது, 180 பாகை விலகியிருக்கும் அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். இரண்டு ஸ்டேஜுக்கு ஒரு பள்ளம். எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 45-ல் ஸ்டேஜ் இரண்டு, பள்ளம் ஒன்று. 1974-ல் வந்த ஃபேஸ் 90-ல் ஸ்டேஜ் நான்கு, பள்ளம் இரண்டு. நான்கு ஸ்டேஜும் ஒரே அளவாக இருந்தால், மேல் பள்ளம் கீழ்ப் பள்ளத்தைப் போல ஏறக்குறைய 5.8 மடங்கு அதிர்வெண்ணில் நிற்கும். ஃபில்டரின் மையம் 500 ஹெர்ட்ஸில் இருக்கும் நொடியில் ஒரு பள்ளம் 207-லும், மற்றொன்று 1207-லும் இருக்கும். எல்எஃப்ஓ இந்த இரண்டையும் சேர்த்து மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. தம்புராவில் ஜீவாளி நூலை நகர்த்தும்போது மேல் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக மலர்ந்து மறைகிறதே, மெதுவாக வைத்த ஃபேஸர் அந்தத் திசையில்தான் போகிறது.

இரண்டே பள்ளம் என்பதால் ஃபேஸர் ஒலியைக் கெடுக்காமல் நிறம் மட்டும் மாற்றும். அதனாலேயே டெப்த் நாப் இல்லாமல், ஸ்பீட் என்ற ஒரே நாபை வைத்துக்கொண்டு ஃபேஸ் 90 அரை நூற்றாண்டைத் தாண்டி விற்கிறது. கிட்டார்காரர்கள் அதில் பேசித் தீராத விஷயம் ஆர்28 என்ற ரெசிஸ்டர். பழைய, சாய்வெழுத்து லோகோ போட்ட பெடல்களில் ஃபீட்பேக் இல்லை. ஒலி மிருதுவாகப் புரளும். பிறகு வந்த கட்டையெழுத்து லோகோ மாடலில் கடைசி ஸ்டேஜிலிருந்து முன்னால் ஒரு பங்கைத் திருப்பிவிடும் ஆர்28 சேர்ந்தது. பள்ளங்களுக்கு நடுவே மேடு எழும்பி, நடு அதிர்வெண் முன்னால் துருத்திக்கொண்டு வரும். டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) போட்டு வாசிப்பவருக்கு அது சில சமயம் தொண்டையடைத்த மாதிரி கேட்கும். ஆர்28-இன் ஒரு காலைத் தூக்கிவிட்டால் பழைய மிருது திரும்பிவிடும். இரண்டும் வேண்டும் என்றால் நடுவில் ஒரு சின்ன சுவிட்ச் போடலாம். கிட்டார் கலைஞர் எடி வேன் ஹேலன் பெயரில் வந்த மாடலில் இதற்கு ஒரு பட்டனையே கொடுத்திருக்கிறார்கள். பரப்பில் ஒட்டிய சின்ன பாகங்கள் உள்ள புதிய போர்டில் சால்டரிங் அனுபவம் இல்லாமல் கைவைக்க வேண்டாம். தடம் உரிந்து வந்துவிடும்.

ஃபேஸ் 90-இல் அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு: "எல்இடி எரிகிறது, ஒலி வருகிறது, ஆனால் சுழலவே இல்லை" அல்லது "ஒரு பக்கம் மட்டும் இடறுகிறது". பெரும்பாலும் பாகம் எதுவும் போகவில்லை. உள்ளே இருக்கும் ட்ரிம்பாட், அதாவது ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் சின்னத் திருகு, விலகியிருக்கும். நான்கு ஸ்டேஜிலும் மின்தடையாக வேலை செய்வது ஜேஃபெட் டிரான்சிஸ்டர்கள். அவற்றின் கேட் மின்னழுத்தம் ஒரு குறுகிய எல்லைக்குள் இருந்தால்தான் தடை கூடிக் குறையும். அந்த எல்லைக்கு ஒரு பக்கம் போனால் முழுக்கத் திறந்து நிற்கும், மறுபக்கம் போனால் முழுக்க மூடிக்கொள்ளும். இரண்டு நிலையிலும் ஒலி அசையாது. எல்லைக்குள் கொண்டுவந்து நிறுத்துவதுதான் ட்ரிம்பாட்டின் வேலை.

சரிசெய்யும் விதம்: அடிமூடியின் நான்கு திருகையும் கழற்றி, பெடலைப் பேட்டரியில் போடாமல் எப்போதும் பயன்படுத்தும் அடாப்டரிலேயே ஓட்டுங்கள். ட்ரிம்பாட் இப்போது இருக்கும் நிலையை மார்க்கரால் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இதைத் தவறவிட்டுத் தவித்தவர்கள் அநேகம். கிட்டாருக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு டிஸ்டார்ஷன் பெடலை வையுங்கள். மேல் ஸ்வரங்கள் நிறைந்த ஒலியில்தான் பள்ளம் நகர்வது தெளிவாகக் கேட்கும். லூப்பர் இருந்தால் ஒரு கார்டைப் பதிந்து ஓடவிட்டால் இரண்டு கையும் காலியாக இருக்கும். ஸ்பீடை ஒரு சுற்றுக்கு இரண்டு விநாடி வருமாறு வைத்து, பிளாஸ்டிக் முனை ஸ்க்ரூடிரைவரால் ட்ரிம்பாட்டை இம்மியளவாகத் திருப்புங்கள். சுழற்சி தொடங்கும் இடத்தை மனதில் குறியுங்கள். மேலும் திருப்பினால் சுழற்சி நிறைந்து, பிறகு மறுபடி செத்துப்போகும் இடம் வரும். இரண்டுக்கும் நடுவே நிறுத்தி, ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சமமாக ஒலிக்கும்வரை காதால் நகர்த்துங்கள். மொத்தத் தூரமே ட்ரிம்பாட்டின் சிறு பங்குதான், அவசரப்பட்டால் தாண்டிவிடுவீர்கள். எங்கே வைத்தாலும் ஒரு பள்ளம் மட்டும் மங்கலாகவே இருந்தால் நான்கு ஜேஃபெட்டில் ஒன்று மற்ற மூன்றோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஒரே எண் அச்சிட்ட பாகமானாலும் ஜேஃபெட்டுக்கு ஜேஃபெட் கேட் மின்னழுத்தம் மாறும். அளந்து இணைசேர்த்துத்தான் போட வேண்டும்.

யூனி-வைப் இதே குடும்பம், ஆனால் குணம் முற்றிலும் வேறு. 1960-களின் இறுதியில் ஜப்பானின் ஷின்-ஏயில் ஃபுமியோ மியெதா வடிவமைத்தது. 1969 ஆகஸ்ட்டில் வுட்ஸ்டாக் மேடையில் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் காலடியில் இருந்தது. நடுவில் ஒரு சின்ன பல்பு. சுற்றி நான்கு ஒளியுணர் ரெசிஸ்டர்கள். பல்பு எரிந்து மங்கும்போது நான்கு ஸ்டேஜின் தடையும் மாறுகிறது. ஃபேஸ் 90-ல் நான்கு ஸ்டேஜின் கெபாசிட்டரும் ஒரே மதிப்பு, இதில் 0.015, 0.22, 0.0047 மைக்ரோஃபாரட், 470 பிகோஃபாரட் என்று நான்கும் வெவ்வேறு. அதனால் பள்ளம் கூர்மையாக விழாமல் பரந்து கிடக்கும். பல்பின் இழை சூடாவதற்கும் ஆறுவதற்கும் ஆகும் நேரம் ஒன்றல்ல, ஒளியுணர் ரெசிஸ்டரும் தன் பங்குக்குத் தாமதிக்கும். அந்த ஏற்றத்தாழ்வில்தான் துடிக்கிற நடை வருகிறது. பல்பை வைத்தே செய்த நகல் பெடலில் பல்பின் வெளிச்சத்துக்கென்று உள்ளே ஒரு ட்ரிம் இருந்தால், மங்கும் நேரத்தில் பல்பு முழுக்க அணையாதபடி வையுங்கள். மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு இதை முடிவுசெய்யக் கூடாது. அறை வெளிச்சமும் உள்ளே விழும், பல்பின் வெளிச்சமும் வெளியே சிதறும். மூடியதும் ஒலி மாறிவிடும். கொஞ்சம் திருப்பி, மூடி, கேட்டு, மறுபடி திறந்து என்று பொறுமையாகத்தான் செய்ய வேண்டும்.

ஃப்ளேஞ்சர்

ஒரே பாட்டை இரண்டு டேப் மெஷினில் ஓடவிட்டு, ஒன்றின் ரீல் விளிம்பை விரலால் லேசாக அழுத்தி வேகத்தைக் குறைப்பதில் பிறந்தது இது. விளிம்புக்கு ஆங்கிலத்தில் ஃப்ளேஞ்ச்; பெயர் அதிலிருந்து வந்தது. கோரஸைப் போலவே தாமதம்தான், ஆனால் இன்னும் குட்டை: அரை மில்லி விநாடியிலிருந்து பத்து வரை என்று வைத்துக்கொள்ளலாம். தாமதம் இவ்வளவு குறையும்போது காது அதை இரண்டாவது கிட்டாராகக் கேட்பதில்லை. சீப்பின் பல் மாதிரி ஒழுங்கான இடைவெளியில் விழும் பள்ளங்களாகக் கேட்கிறது. 1 மில்லி விநாடித் தாமதத்தில் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று போகும். 5 மில்லி விநாடியில் 100, 300, 500 என்று நெருங்கிவிடும். ஃபேஸரின் இரண்டு பள்ளத்துக்கும் ஃப்ளேஞ்சரின் டஜன்கணக்கான பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம்தான், ஒன்று புரள்வதற்கும் மற்றது ஜெட் விமானம்போலச் சீறுவதற்கும் காரணம்.

1980-ல் வந்த பாஸ் பிஎஃப்-2-இல் மேனுவல், டெப்த், ரேட், ரெஸ் என்று நான்கு நாப். ரெஸ் என்பது வெளியே வரும் ஒலியில் ஒரு பங்கை உள்ளே திருப்பிவிடுவது. பலரும் தொடாமல் விடும் மேனுவல்தான் இவற்றில் முக்கியமானது. தாமதத்தின் நடுப்புள்ளியை அதுதான் தீர்மானிக்கிறது. டெப்த்தைச் சுழியாக்கி, ரெஸ்ஸைப் பாதிக்கு மேல் ஏற்றி, கம்பிகளை அடித்துக்கொண்டே மேனுவலை மட்டும் கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். எல்எஃப்ஓ செய்யும் வேலையை உங்கள் விரல் செய்யும். எந்த இடத்தில் உங்கள் கிட்டாருக்கு நல்ல உலோகச் சாயல் வருகிறதோ அங்கே மேனுவலை நிறுத்தி, பிறகு டெப்த்தைக் கொஞ்சமாகச் சேருங்கள். எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் எலக்ட்ரிக் மிஸ்ட்ரஸில் உள்ள ஃபில்டர் மேட்ரிக்ஸ் சுவிட்ச் சுழற்சியை நிறுத்திவைப்பதும் இதற்காகத்தான்.

ரெஸ் அதிகமானால் பெடல் தானாகவே விசிலடிக்கத் தொடங்கும். அதற்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். இன்னொன்று: 12 அங்குலக் கிட்டார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். ஹெட்ஃபோனில் அற்புதமாகச் சீறிய அமைப்பு ஆம்பில் மந்தமாகக் கேட்பது அதனால்தான். எந்தப் பெட்டியில் வாசிக்கப் போகிறீர்களோ அதிலேயே அமையுங்கள்.

ட்ரெமலோ

சுருதியைத் தொடாமல் சத்தத்தை மட்டும் ஏற்றி இறக்குவது. பெயர்க் குழப்பத்தை ஃபெண்டர் நிலைநாட்டிவிட்டது: 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் சுருதியை வளைக்கும் கம்பிக்கு ட்ரெமலோ என்று பெயர், அதே கம்பெனியின் ஆம்பில் சத்தத்தை ஆட்டும் சேனலுக்கு வைப்ரேட்டோ என்று பெயர். பழைய ஆம்ப் ஒன்றின் நாபைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ட்ரெமலோவில் எல்லோரும் சொல்லும் குறை, போட்டவுடன் சத்தம் குறைந்துவிடுகிறது என்பது. அது பிரமை அல்ல. பெரும்பாலான சுற்றுகள் இருக்கிற சத்தத்திலிருந்து கீழே மட்டும்தான் இறக்குகின்றன. சைன் அலையில் டெப்த்தை முழுக்க வைத்தால் சராசரி ஆற்றல் சுமார் 4 டெசிபெல் குறையும். லெவல் நாப் இருந்தால் அந்த அளவு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் ட்ரெமலோவோடு சேர்த்து அழுத்த ஒரு கிளீன் பூஸ்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

தாளத்தோடு பொருந்த வேண்டியது எல்லாவற்றிலும் ட்ரெமலோதான். பாட்டின் வேகத்தை 60-ஆல் வகுத்தால் ஒரு அடிக்கு ஒரு துடிப்பு வரும் ரேட் ஹெர்ட்ஸில் கிடைக்கும். 96 பிபிஎம் (நிமிடத்துக்கு 96 அடி) என்றால் 1.6 ஹெர்ட்ஸ், அடிக்கு இரண்டு துடிப்பு வேண்டுமானால் 3.2. காலால் தட்டி வேகம் கொடுக்கும் டேப் டெம்போ இல்லாத பெடலில் மெட்ரோனோமை ஓடவிட்டு, ஒரு கார்டைப் பிடித்து நிறுத்தி, துடிப்பு நான்கு தாள வட்டத்துக்கு நழுவாமல் நிற்கிறதா என்று பார்த்து நாபை நகர்த்துங்கள். நாப் ஒரு மயிரிழை நகர்ந்தாலே துடிப்பு விலகிவிடும். மேடையில் டிரம்மர் வேகம் மாற்றினால் உங்கள் துடிப்பு அநாதையாகிவிடும். அப்படிப்பட்ட குழுவில் சதுர அலையைத் தவிர்த்து, டெப்த்தைப் பாதிக்குக் கீழே வைத்தால் தப்பிக்கலாம். ஃபேஸரில் நேர்மாறு: சுற்று அச்சாகத் தாளத்தோடு பொருந்தினால் ஒவ்வொரு சமத்திலும் ஒரே நிறம் வந்து விழுந்து அலுப்புத் தட்டும். வேண்டுமென்றே கொஞ்சம் விலக்கி வைத்தால் பாட்டு முழுக்க நிறம் மிதந்துகொண்டே இருக்கும்.

எதற்கு முன், எதற்குப் பின்

கோரஸை டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் சுருதி விலகிய இரண்டு சிக்னல்கள் அலையின் உச்சியை வெட்டும் ஒரே கிளிப்பிங் சுற்றுக்குள் போய், அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய அதிர்வெண்கள் பிறந்து கூழாகிவிடும். ஆம்பின் முதல் பகுதியான ப்ரீஆம்பிலேயே டிஸ்டார்ஷன் எடுப்பவர்களுக்கு இடம் எஃபெக்ட்ஸ் லூப், அதாவது ப்ரீஆம்புக்குப் பின்னால் பெடலைச் செருகும் வழி. அங்கே சிக்னல் அளவு கிட்டார் அளவைவிடப் பெரிதாக இருக்கலாம். பக்கெட் பிரிகேட் சிப் அதைத் தாங்காமல் கரகரத்தால் லூப்பின் லெவல் சுவிட்சைக் குறைந்த பக்கம் தள்ளுங்கள்.

ஃபேஸருக்கு இரண்டு இடமும் நியாயமானவை. ஓவர்டிரைவுக்கு (மிதமான டிஸ்டார்ஷன்) முன்னால் வைத்தால் பள்ளங்களைக் கிளிப்பிங் ஓரளவு நிரப்பிவிடும். மிருதுவாக, யாரோ வாய்க்குள் முணுமுணுப்பது மாதிரி வரும். பின்னால் வைத்தால் நிறைந்த மேல் ஸ்வரங்களை வாரிக்கொண்டு போகும் பெரிய சுழற்சி. ஓவர்டிரைவுக்கு முன்னால் வைப்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. பின்னால் வைத்த சுழற்சி பாடகரின் குரலோடு மல்லுக்கட்டும். ஃப்ளேஞ்சர் பின்னால்தான் உயிர்பெறும், அதற்குச் சீறுவதற்கு மேல் ஸ்வரங்கள் தேவை. ட்ரெமலோவை ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்தால் சத்தம் ஆடாமல் கரகரப்பு ஏறி இறங்கும், அதுவும் ஒரு அழகு; வெட்டு வெட்டாகக் கேட்க வேண்டுமானால் பின்னால். பழைய பாணி ஃபஸ் பெடல் (முரட்டு டிஸ்டார்ஷன்) ஒன்று இருந்தால் அதைக் கிட்டாரை ஒட்டியே வையுங்கள். அதன் உள்ளீட்டுத் தடை மிகக் குறைவு, நடுவே பஃபர் (சிக்னலை வலுப்படுத்தி அனுப்பும் சுற்று) உள்ள பெடல் வந்தால் அதன் ஒலியே மாறிவிடும்.

மின்சாரமும் மோனோவும்

பக்கெட் பிரிகேட் பெடல் இரண்டை ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து ஓட்டினால், ஒன்றின் கிளாக்கும் மற்றதன் கிளாக்கும் மோதி, ஏறி இறங்கும் மெல்லிய விசில் ஒன்று கேட்கலாம். கேபிள் பழுது என்று நினைத்து நாள்கணக்கில் தேடுவார்கள். ஒரு பெடலைத் தற்காலிகமாக 9 வோல்ட் பேட்டரிக்கு மாற்றிப் பாருங்கள். விசில் நின்றால், வெளியீடுகள் தனித்தனியாகப் பிரிந்த பவர் சப்ளைதான் தீர்வு. ரேட்டுக்கு ஏற்ப "டிக், டிக்" என்று கேட்டால் அது எல்எஃப்ஓ. அலை திசைமாறும் நொடியில் ஆப்-ஆம்ப் என்ற சிப் இழுக்கும் மின்னோட்டம் ஒலிச் சுற்றின் சப்ளையில் குழி பறிக்கிறது. சொந்தமாகப் பெடல் கட்டுபவர்கள் எல்எஃப்ஓ இடத்தில் டிஎல்072-க்குப் பதில் குறைந்த மின்னோட்டம் இழுக்கும் டிஎல்022 போடுவதும், சப்ளைக்குப் பக்கத்திலேயே 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைப்பதும், எல்எஃப்ஓவின் கிரவுண்டைத் தனிக் கம்பியாக எடுப்பதும் இதற்காகத்தான். அவர்களுக்கு இன்னொன்று: எம்என்3007 இருந்த இடத்தில் எம்என்3207-ஐ அப்படியே செருகாதீர்கள். கட்டங்கள் இரண்டிலும் 1024-தான், ஆனால் சப்ளையின் திசை நேர்மாறு.

பழைய பாஸ் பெடலில் ஏசிஏ என்று அடாப்டர் பெயர் அச்சிட்டிருந்தால், அது ரெகுலேட் செய்யாத அந்தக் காலத்து அடாப்டரை எதிர்பார்க்கிறது. இன்றைய 9 வோல்ட் அடாப்டரில் தனியாகப் போட்டால் எல்இடி மங்கும், ஒலியும் வலுவிழக்கும். அதைப் பெடல் செத்துவிட்டதாக நினைத்து விற்றுவிட வேண்டாம். 12 வோல்ட் வெளியீடு உள்ள பவர் சப்ளையில் சரியாக ஓடும்.

கடைசியாக ஸ்டீரியோ. சில கோரஸ் பெடல்களில் ஒரு வெளியீட்டில் நேரடி ஒலியோடு பிரதி கூட்டப்பட்டிருக்கும், மற்றதில் கழிக்கப்பட்டிருக்கும். இரண்டு ஆம்பில் போட்டால் அறையே விரியும். ஆனால் மண்டபத்தின் மிக்ஸரில் இரண்டு கேபிளையும் வாங்கி மோனோவாகச் சேர்த்தால், கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அழித்து, பிரதி முழுக்க மறைந்துவிடும். மேடையில் உங்களுக்குக் கோரஸ் கேட்கும், எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வெறும் கிட்டார்தான் போகும். ஒலிச் சோதனையின்போது மிக்ஸர்காரரிடம் "மோனோவா, ஸ்டீரியோவா" என்று கேட்டுவிடுங்கள். மோனோ என்றால் இரண்டாவது கேபிளைக் கழற்றிவிட்டு ஒற்றை வெளியீட்டை மட்டும் கொடுத்து, டெப்த்தை மறுபடி ஒருமுறை காதால் பார்த்து வையுங்கள்.